அம்மா மண்டியிட்ட கதை

குன்சான்
செப்டம்பர் 20, 1981

அண்ணனுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்க வேண்டும், கேசட்டில் தொண்டை கணீரென்று இருக்கிறது.

ஆமாம், உங்கள் சாட்சியைக் கேட்டுவிட்டேன். சபைப் பெண்கள் ஆளுக்கொன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். சொந்த அண்ணன் எப்படி இரட்சிக்கப்பட்டான் என்பதைக் கடையில் வாங்கிக் கேட்க வேண்டுமா என்று நான் மட்டும் வாங்காமல் இருந்தேன். போன புதன்கிழமை பாங் போதகர் பள்ளிக்கூடத்துக்கே ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். தன் அறையில் உட்கார வைத்து, பார்லி தேநீர் கொடுத்து, கேசட்டைப் போட்டுவிட்டார்.

"பனி கொட்டிய அந்த விடியற்காலையில், சபையின் ஜெப அறையில், பலகைத் தரையில் மண்டியிட்டபடி, 'ஆண்டவரே, என் கிசொப்பை' என்று சொல்லி, அந்த வாக்கியத்தை முடிக்காமலே என் தாய் உயிரை விட்டாள். சூதாடிக்கொண்டிருந்த இந்தப் பாவி அதே நேரத்தில் இன்சோன் துறைமுகத்தில் சீட்டைக் கீழே போட்டான்." இப்படிச் சொல்கிறீர்கள். கூட்டம் 'ஆமென்' என்று அலறுகிறது. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 

அண்ணா, அம்மா வீட்டில் செத்தார். பாயில் படுத்து, பட்டப்பகலில். ஜெப அறையில் அவர் கால் வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த நவம்பரில் குன்சானில் ஒரு பொட்டுப் பனி விழவில்லை. நீங்கள் வந்து சேர்ந்தது அடக்கம் முடிந்த பிறகு என்றாலும், இவ்வளவும் உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் ஊர் ஊராகப் போய் என்ன பேசினாலும் இங்கே இருப்பவளுக்கு என்ன என்று இருந்திருப்பேன். இப்போது விஷயம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வருகிற நவம்பர் 14 அம்மாவின் பத்தாம் நினைவு ஆராதனை. அன்றைக்கு ஜெப அறை வாசலில் ஒரு கல் நடப்போகிறார்களாம். 'மண்டியிட்டே மகிமைக்குள் போன மா சுன்டொக்' என்று அம்மா பெயரை அதில் வெட்ட வேண்டுமாம். "நீங்க மொழி டீச்சர், இன்னும் ரெண்டு வரி அழகா எழுதிக் கொடுங்கம்மா" என்கிறார் போதகர்.

தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நீங்களே போதகருக்கு எழுதி இதை நிறுத்துங்கள். கதையைக் கட்டியவர் நீங்கள், நீங்களே பிரியுங்கள்.

ஒக்ஜூ


தேகு
செப்டம்பர் 29, 1981

அன்புள்ள தங்கை ஒக்ஜூவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நலம். பொஹாங்கில் நான்கு நாள் எழுப்புதல் கூட்டம் முடித்து, நேற்று ராத்திரிதான் தேகுவுக்கு வந்தேன். உன் கடிதம் எனக்கு முன்னால் வந்து காத்துக்கொண்டிருந்தது. படித்ததும் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. சின்ன வயதில் என் கட்டுரையைச் சிவப்பு மையில் திருத்துவாயே, அதே கை.

சரி, பனி விழவில்லை. எடுத்துவிடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், அம்மா எனக்காக ஜெபித்தாளா இல்லையா? நாம் பிறந்த நாளிலிருந்து தினமும் விடிவதற்கு முன் எழுந்து அந்தப் பலகையில் முட்டி தேய உட்கார்ந்தவள் அவளா, வேறு யாராவதா? வாழ்நாளெல்லாம் மண்டியிட்டவள் கடைசி நாளும் மண்டியிட்டாள் என்று சொன்னால் குடியா முழுகிவிடும்? ஜனங்களுக்கு ஒரு இடத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது, ஒக்ஜூ. பாயில் படுத்துச் செத்தாள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? எல்லார் அம்மாவும் அப்படித்தான் சாகிறாள்.

பொஹாங்கில் ஒரு உருக்காலைத் தொழிலாளி. கூட்டம் முடிந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "ஐயா, எங்கம்மாவும் அந்தப் பலகைமேலதான் கெடக்கறா. இன்னைக்கே வீட்டுக்குப் போறேன்" என்றான். அவனிடம் போய் நான் உன் திருத்தத்தைப் படிக்கட்டுமா?

நீ கர்ப்பத்திலிருந்தே விசுவாசி. பாலோடு பாட்டும் குடித்து வளர்ந்தவள், ஒரு நாள்கூட வெளியே போனதில்லை. உனக்குக் கதை தேவைப்படவில்லை. எனக்கு அப்படியில்லை. அந்த நாளுக்கு முன்னால் ஒரு கிசொப், பின்னால் ஒரு கிசொப். நடுவில் அம்மா. அவளை அந்த இடத்திலிருந்து நகர்த்தினால் நான் எதன்மேல் நிற்பது?

கல்லைப் பற்றி நீ கவலைப்படாதே. போதகர் ஆசைப்படுகிறார், செய்யட்டும். அம்மாவுக்கு ஒரு மரியாதை.

உன் அண்ணன்
கிசொப்


குன்சான்
அக்டோபர் 6, 1981

அண்ணனுக்கு,

பனியை எடுத்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரிய மனது.

கேசட்டை இரண்டாம் முறை கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசுகிறீர்கள். சூதாட்டம் வருகிறது, சாராயம் வருகிறது, இன்சோன் துறைமுகத்து நாய்கூட வருகிறது. நம் தம்பி இன்பே ஒரு இடத்திலும் வரவில்லை. அவன் பிறக்கவே இல்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். இன்பே வந்தால் அவன் போன படகு வர வேண்டும். படகு வந்தால் அவன் அடக்க ஆராதனை வர வேண்டும். நீங்கள் அதற்கும் வரவில்லை, அதனால் நானே சொல்கிறேன். வெறும் பெட்டி. கடல் உடம்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பாங் போதகர் பிரசங்க பீடத்தில் நின்று, "இளையவனைக் கர்த்தர் எடுத்துக்கொண்டது வழிதவறிப் போன மூத்தவனைத் திருப்புவதற்காகவே" என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார், கெட்டவர் இல்லை. அம்மா முதல் வரிசையிலிருந்து எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. நடுவழியாக நடந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு சபைக்குள் வரவேயில்லை.

இரண்டு வருஷம் அண்ணா. ஞாயிறு காலையில் எனக்குச் சோறு போட்டு அனுப்புவார். "நீ போடி. என்னப் பத்திக் கேட்டா கோவமா இருக்காங்கன்னு சொல்லு" என்பார். "யாரு மேலன்னு கேட்டா?" என்றேன் ஒரு தடவை. "அவருக்குத் தெரியும்" என்றார்.

ஒரு மகனைக் கொன்று இன்னொரு மகனைத் திருத்துகிற கதை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் இருக்க மாட்டேன் என்று எழுந்து போனார். நீங்கள் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அதே கதைக்குள், அதே சபைக்குள், முட்டி போட வைத்துவிட்டீர்கள். இப்போது எழுந்திருக்க முடியாதபடி கல்லும் வைக்கப் போகிறார்கள்.

எனக்குக் கதை தேவைப்படவில்லை என்கிறீர்கள். பெண்கள் சங்கத்தில் வருஷா வருஷம் கேட்கிறார்கள், "டீச்சர், நீங்க எந்தத் தேதியில மறுபடியும் பிறந்தீங்க?" என்று. தெரியாது என்கிறேன். டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறியவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். என்னிடம் முன்னும் இல்லை பின்னும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். ஏன் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. அதற்காக ஒன்றை ஜோடித்துச் சொல்லவும் மாட்டேன்.

மாற்கு சுவிசேஷத்தின் கடைசியை எடுத்துப் பாருங்கள். பெண்கள் கல்லறைக்குப் போகிறார்கள், நடுங்குகிறார்கள், ஓடுகிறார்கள், பயந்துபோய் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பழைய ஏடுகள் சிலவற்றில் அதோடு சரி என்று நம் வேதாகமத்திலேயே அடிக்குறிப்பு இருக்கிறது. மீதி வசனங்கள் யாரோ பின்னால் சேர்த்தவை என்கிறார்கள். அப்படி விட்டுவிட மனசு வராத யாரோ. உங்களைப்போல ஒரு நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார்.

நினைவு ஆராதனையில் இறந்தவருடைய வாழ்க்கை வரலாற்றைக் குடும்பத்தார் படிப்பது வழக்கம். இந்த வருஷம் நான் படிக்கிறேன்.

ஒக்ஜூ


தேகு
அக்டோபர் 19, 1981

ஒக்ஜூ,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுகிறேன்.

நீ படிக்கக் கூடாது. மூத்த மகன் நான். ஆராதனையை நடத்துவது நான். ஊரே கூடியிருக்கும்போது 'என் தாய் தேவனோடு சண்டை போட்டுக்கொண்டே செத்தாள்' என்று நீ எழுந்து சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? வெளியே வந்ததும் செருப்பு மாட்டும் இடத்திலேயே கேட்பார்கள், "அப்போ அந்தம்மா ரட்சிக்கப்பட்டாங்களா இல்லையா?" என்று. நீ என்ன பதில் சொல்வாய்? 'தெரியாது' என்பாய். உனக்குத்தான் அந்த வார்த்தை சுலபமாக வருமே. எனக்கு வராது.

நான் அன்றைக்கு வந்தபோது அம்மாவின் கல்லறை மண் ஈரமாக இருந்தது. பாங் போதகர் என் தோளைப் பிடித்து, "உங்கம்மா உனக்காக ஜெபிக்கிறத நிறுத்தவே இல்லப்பா" என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீரில் விழுந்தவன் எதைப் பிடிக்கிறோம் என்று பார்ப்பானா? முதலில் ஜெபித்தாள் என்று மட்டும்தான் சொன்னேன். பிறகு ஒரு ஊரில், "எங்கே, எப்போது?" என்று கேட்டார்கள். விடியற்காலை என்றேன். அடுத்த ஊரில் மண்டியிட்டாள். ஒரு இடத்தில் ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே பனி கொட்டிக்கொண்டிருந்தது. திட்டமிட்டுப் பொய் சொன்னேன் என்று நினைக்காதே. ஒவ்வொரு முறையும் அழுதேன், அந்த அழுகையில் பொய் இல்லை.

ஏன் மண்டியிட வைத்தேன் என்று கேட்கிறாய். அவள் அங்கே இருக்க வேண்டும், அதற்குத்தான். ஆண்டவர் பக்கத்தில். கோபத்தோடு போனவளை உள்ளே விடுவார்களா என்று எனக்குத் தெரியாது. மண்டியிட்டுப் போனவளை யாரும் வாசலில் நிறுத்த முடியாது. போதுமா? இதை நான் ஒரு கூட்டத்திலும் சொன்னதில்லை.

உனக்குச் சத்தியம் வேண்டும். எனக்கு அம்மா வேண்டும். படிக்காதே.

கிசொப்


குன்சான்
அக்டோபர் 25, 1981

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படித்தேன், அது தப்பாகப் போயிற்று. அடுத்த வகுப்புக்குப் பாதி நேரம் கழித்துத்தான் போனேன்.

வேதாகமத்தில் யோபு எத்தனை அதிகாரம் தேவனிடம் கத்துகிறான். கடைசியில், என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் இவன்தான் என்று தேவனே சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காக வக்காலத்து வாங்கியவர்களைத்தான் கோபித்துக்கொள்கிறார். ஒரு தாயின் இரண்டு வருஷக் கோபத்தைத் தாங்க மாட்டார் என்றால், அப்படிப்பட்டவரிடம் நீங்கள் எதை நம்பி ஊர் ஊராக ஆள் சேர்க்கிறீர்கள்?

நீங்கள் நடத்துங்கள், அது உங்கள் உரிமை. நான் படிப்பேன். கல்லை வெட்டி முடித்துவிட்டார்கள், போதகர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எழுத்து நேர்த்தியாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ரயில் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

ஒக்ஜூ


குன்சான்
நவம்பர் 17, 1981

அண்ணனுக்கு,

சாப்பிடாமல் போய்விட்டீர்கள். உங்கள் பையில் வைக்க எடுத்து வைத்த சோளக் கேக்கைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள்.

நான் இன்பேயின் பெயரைப் படித்ததும் எழுந்தீர்கள். என்னை நிறுத்தப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நடுவழியாக நடந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனீர்கள். கையிலிருந்த தாளில் எந்த வரியில் இருந்தேன் என்று எனக்கு மறந்துவிட்டது. வயதான பெண்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வழியாக யார் போனார் என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

நீங்கள் போன பிறகு நடந்ததைக் கேளுங்கள். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

முழுவதும் படித்தேன். எதையும் மழுப்பவில்லை. "இரண்டு வருஷம் அவர் ஜெபிக்கவில்லை, ஆராதனைக்கு வரவில்லை, வீட்டில் பாயில் இறந்தார்" என்று முடித்து உட்கார்ந்தேன்.  கல்லை இனி நட முடியாது, தீர்ந்தது என்று நினைத்தேன்.

பாங் போதகர் மெல்ல எழுந்தார்.  "என் அன்பானவர்களே, இப்பதான் எனக்குப் புரியுது. அந்த ரெண்டு வருஷ மௌனமே ஒரு ஜெபந்தான்" என்றார். ஒரு மூலையில் 'ஆமென்'. "வாய் பேசல, ஆனா நெஞ்சு மண்டியிட்டுச்சு. அந்தக் கோவம் சும்மாவா? நம்புறவதான் கோவப்படுவா" என்றார். எல்லா மூலையிலும் 'ஆமென்'. பிறகு என்னைக் கை காட்டி, "பத்து வருஷம் இதை மனசுல பூட்டி வச்சிருந்த இந்த மகளை இன்னைக்கு ஆவியானவர் திறந்துட்டார்" என்றார். அல்லேலூயா, கைதட்டல், பாட்டு. கேக் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கல்லை நட்டுவிட்டார்கள் அண்ணா. 'நெஞ்சால்' என்று ஒரு வார்த்தை சேர்த்து வெட்டப் போகிறார்களாம், இடம் இருக்கிறதாம். என் தேதி நவம்பர் 14 என்று பெண்கள் சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள். "டீச்சர், ஜனவரி முகாமுக்கு நீங்கதான் சாட்சி சொல்லணும். இப்பதான் உங்களுக்கும் ஒண்ணு வந்திருக்கே" என்கிறார்கள். அதைச் சொன்னவள் உண்மையாகவே அழுதாள், அவளோடு எப்படிச் சண்டை போடுவது?

எனக்குக் கோபம் அடங்கவில்லை. கத்தினால் அதையும் ஆமென் என்பார்கள். பேசாமல் இருந்தால் மௌன ஜெபம் என்பார்கள். அம்மா கெட்டிக்காரி, வாயே திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். உங்கள் கதையை உடைக்கிறேன் என்று போய் அதற்கு இரண்டாம் பாகம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஊருக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஒக்ஜூ


ஆண்டொங்
டிசம்பர் 8, 1981

அன்புள்ள ஒக்ஜூவுக்கு,

உன் கடிதம் கூடவே சுற்றிக்கொண்டிருக்கிறது. சந்தோஷமாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். இல்லை.

நேற்று இங்கே எழுப்புதல் கூட்டத்தின் முதல் நாள். மண்டபம் நிறைந்திருந்தது. வழக்கமான இடம் வரை வந்துவிட்டேன். 'அந்த விடியற்காலையில்' என்று வாய் திறந்தேன், அடுத்தது வரவில்லை. அத்தனை வருஷம் சொன்னது, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், வரவில்லை. தண்ணீர் குடித்தேன். பிறகு, "எனக்கு இன்பே என்று ஒரு தம்பி இருந்தான்" என்றேன். அவன் எப்படிச் சிரிப்பான் என்று சொன்னேன். படகைச் சொன்னேன். போதகர் சொன்னதையும் அம்மா எழுந்து போனதையும் சொன்னேன். "என் தாய் கோபத்தோடுதான் இருந்தாள். நான் பக்கத்தில் இல்லை. வேறு எதுவும் எனக்குத் தெரியாது" என்று உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே உன் பாங் போதகர் இல்லை, எடுத்துத் தைப்பதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. மூப்பர் ஒருவர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார். முடிந்ததும், "ஐயாவுக்கு உடம்பு சரியில்ல போல. நாளைக்கு நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்கிறோம்" என்றார்கள். அடுத்த வாரம் போக வேண்டிய சபைக்கும் செய்தி போய்விட்டது, அவர்களும் வேண்டாம் என்கிறார்கள். என் பிழைப்பே இதுதான், உனக்குத் தெரியும். உன்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். என்மேலும். யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் விடுதிக்காரனிடம் வெந்நீர் சூடில்லை என்று கத்தினேன்.

வெளியே வரும்போது ஒரு அம்மா குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். எண்பது இருக்கும். நிமிராமலே கேட்டாள், "அப்புறம்? உங்கம்மா எப்படிப் போனாங்க?"

இரட்சிக்கப்பட்டாளா என்று கேட்பார்கள் என்றுதானே உன்னைப் பயமுறுத்தினேன். அவள் அதைக் கேட்கவில்லை. ஒரு காலில் செருப்போடு நின்றேன், ஒக்ஜூ. அம்மா எப்படிப் போனாள் என்று எனக்குத் தெரியாது. பாயில், பகலில், அவ்வளவுதான் தெரியும். பத்து வருஷமாக ஊர் ஊராக அவளைச் சாக வைத்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவள் நீ ஒருத்திதான், உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். எழுது.

அண்ணன்


குன்சான்
டிசம்பர் 15, 1981

அண்ணனுக்கு,

எழுதுகிறேன்.

குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் வாரம். முற்றம் முழுக்க கோஸ் குவிந்திருந்தது. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை. மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்றார். மதியம் கொஞ்சம் தெளிவாக இருந்தார். "கோஸுக்கு உப்பு போட்டியாடி?" என்றார். இல்லை என்றேன். "அப்போ இங்க என்ன பண்ற? போய்ப் போடு" என்றார்.

நான் எழுந்ததும், "கதவைத் திறந்து வை" என்றார். இந்த இடத்தில் நீங்கள் பேனாவைத் தேடுவீர்கள், தெரியும். பரலோகக் கதவு இல்லை. முற்றத்துக் கதவு. போன வருஷம் நான் உப்பை அள்ளிக் கொட்டிக் கெடுத்திருந்தேன், அதனால் பார்க்க வேண்டும் என்று திறக்கச் சொன்னார். குளிரும் என்றேன். திறந்து வை என்றார்.

கோஸைப் பிளந்து, இலைக்கு இலை உப்பைத் தூவி, தொட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று முறை தலையைத் தூக்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் படுத்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று உப்பைக் குறைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, சரியாகப் போடுகிறேன் போல என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். தொட்டி நிறைந்த பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். கண் திறந்திருந்தது. எந்தக் கோஸில் இருக்கும்போது போனார் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்பே பெயரையும் சொல்லவில்லை. ஆண்டவரைப் பற்றிக் கோபமாகவும் ஒன்றும் சொல்லவில்லை, சமாதானமாகவும் சொல்லவில்லை. நானும் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு எதுவும் இல்லை.

உப்பில் கிடந்த கோஸை அப்படியே விட முடியாது. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அலசி, மிளகாய் பூசிப் பானையில் வைத்தார்கள். அடக்கம் முடிந்து நீங்கள் வந்த அன்று, யாருடனும் பேசாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்குச் சோற்றோடு வைத்தது அந்தக் கிம்ச்சிதான். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

ஒக்ஜூ